மூச்சு நின்றால் பயமில்லை, துடிப்புக் குறைந்தால் காத்திருக்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே.

வயிற்றில் இருக்கும் பிள்ளை மூச்சு விடுமா? விடும். ஆனால் காற்றுக்காக அல்ல. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது.

"அப்ப தண்ணிக்குள்ள மூச்சு முட்டாதா டொக்டர்?" என்று மூதூரிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி ஸ்கேன் கட்டிலில் படுத்தபடியே கேட்டா. "முட்டாது பிள்ளை, திரையைப் பாருங்கோ" என்றேன். பிள்ளையின் உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, கீழே இறங்கியது; நெஞ்சு உள்ளே போக, வயிறு வெளியே தள்ளியது. எங்கள் மூச்சில் நெஞ்சு விரியும், அங்கே ஒடுங்கும். நுரையீரலுக்குள் இருப்பது அதுவே சுரக்கும் நீர். அந்த நீரோடு இந்த இழுப்பும் சேர்ந்துதான் நுரையீரலை வளர்க்கிறது. மாதக் கணக்குக்கு வெகு முன்னரே பனிக்குடம் உடைந்து, வாரக்கணக்கில் நீர் வற்றிக் கிடந்தால் நுரையீரல் சிறுத்துப்போவது இதனால்தான்.

1888இல் ஆல்ஃபெல்ட் என்ற ஜேர்மனிய வைத்தியர் தாய்மாரின் வயிற்றுத் தோலில் தெரிந்த மெல்லிய அசைவைப் பார்த்தே வயிற்றில் பிள்ளை மூச்சு விடுகிறது என்று சொன்னார். வெகுகாலம் அவரை நம்பியவர்கள் குறைவு. 1970களில் ஒக்ஸ்போர்ட்டில் செம்மறியாட்டின் வயிற்றுக் குட்டிகளில் செய்த ஆய்வுகளும், பிறகு ஸ்கேனும்தான் அவர் பக்கம் சாட்சி சொன்னவை.

30 வாரம் தாண்டிய பிள்ளை நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்படி மூச்சு விடும், மிச்சம் ஓய்வு. தாய் சாப்பிட்டு இரண்டொரு மணித்தியாலத்தில் கூடும். புகையும் மதுவும் குறைக்கும். பிரசவ வலி தொடங்குவதற்கு முந்திய சில நாட்களிலும் குறையும். அதனால்தான் ஸ்கேனில் 30 நிமிடம் வரை பொறுத்திருந்து, ஒரே தொடராய் 30 வினாடியாவது வருகிறதா என்று பார்க்கிறோம். ஐந்து நிமிடம் காணவில்லை என்று நீங்கள் கலங்க வேண்டாம்.

இந்த மூச்சு பெரும்பாலும் தாய்க்குத் தெரியாது. 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடிப்பது விக்கல், அதுவும் சாதாரணம்.

துடிப்பு, அதாவது தாய் உணரும் பிள்ளையின் அசைவுதான் வேறு கதை. "மாதம் ஆகிட்டுது, உள்ள இடமில்லை, அதுதான் பிள்ளை துடிக்கேல்லை" என்று கிண்ணியாவிலும் சொல்வார்கள், நிலாவெளியிலும் சொல்வார்கள். பிழை. துடிப்பின் விதம் மாறலாம். குறையக் கூடாது, கடைசி நாள் வரைக்கும். இனிப்புக் குடித்துப் பார், குளிர்தண்ணி குடித்துப் பார் என்று அயலட்டை சொல்வதைக் கேட்டு மணித்தியாலங்களைப் போக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. வழமையான துடிப்பு இல்லை என்று மனதில் பட்டால் கிளினிக் காட்டை எடுத்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். நடுச்சாமம் என்றாலும் சரி, நேற்றுத்தான் வந்து போனோம் என்றாலும் சரி. வாட்டில் யாரும் ஏசமாட்டார்கள்; ஏசினாலும் வாருங்கள்.