வேலியோரத்துக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

பறவைகளைப் பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறார் என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது சுண்டிக்குளம். நியாயம்தான். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. மாரி தொடங்கினால் ஊசிவால் வாத்தும் உள்ளானும் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்து இறங்கும். பூநாரைக் கூட்டம் பார்க்க வாகனம் பிடித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இன்று பேச நினைப்பது அதைவிடப் பக்கத்தில் இருப்பவற்றைப் பற்றி. உங்கள் வளவில் நிற்கும் முருங்கை, வேலி, பனை, அவற்றை நம்பி வாழும் பறவைகள், பூச்சிகள்.

முருங்கை பூத்திருக்கும் நாளில் காலையில் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு ஒன்று இரைந்துகொண்டு வரும். வெயில் பட்டால் இறகு நீலமாக மின்னும். வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம். தச்சுத் தேனீ என்பார்கள். முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது. கத்தரிக்கும் இது வேண்டும். கத்தரிப் பூவின் மகரந்தப் பை உப்புப் போத்தல் மாதிரி. நுனியில் மட்டும்தான் துளை, குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தன் உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்த்துவிடும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது.

சரி, இந்தக் கருவண்டு எங்கே குடியிருக்கிறது? வேலிக்கு நட்டுப் பட்டுப்போன கதியாலில், காய்ந்த கிளையில், பழைய வீட்டுக் கூரையின் பனஞ் சிலாகையில். அங்கே துளை போட்டு உள்ளே முட்டையிடும். கிளுவையும் பூவரசும் நின்ற வேலியைப் பிடுங்கி மதில் கட்டும்போது அதன் இருப்பிடமும் சேர்ந்து போகிறது. மதில் கட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கதியால் கிடைப்பதில்லை, வேலி அடைக்க ஆள் வருவதில்லை, எல்லைப் பிரச்சினை வேறு. ஆனாலும் முன்பக்கத்துக்கு மதில் கட்டிவிட்டுப் பின்பக்கத்தை வேலியாகவே விடலாம். பட்ட கட்டை ஒன்றிரண்டை ஒரு மூலையில் விட்டுவைக்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பனையும் அப்படித்தான். போரில் ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்க மனம் வலிக்கும் மரங்கள். அப்படி நிற்கும் மரத்தின் பொந்தில்தான் கிளியும் மைனாவும் பனங்காடையும் குஞ்சு பொரிக்கின்றன. தலையுள்ள பனையில் காய்ந்து தொங்கும் ஓலைக்கு அடியில் பனை உழவாரன், இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிச் சின்னக் கூடு வைக்கும். அதற்குச் சாப்பாடு முழுவதும் பறக்கும் பூச்சிகள். தூக்கணாங்குருவி தானியம் தின்னும் பறவை, ஆனால் அதுவும் குஞ்சுக்குப் பூச்சி பிடித்துத்தான் ஊட்டுகிறது. தோட்டத்தில் பூச்சி இல்லாமல் போனால் தானியம் தின்னும் குருவிக்கும் அடுத்த தலைமுறை இல்லை.

இலங்கைக்கே உரிய பறவைகளில் பெரும்பாலானவை சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளில் இருப்பதால், வடக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. மாட்டின் முதுகில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நம்முடைய கரிக்குருவியைக் கொழும்பில் பார்க்க முடியாது. கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட சாம்பல் புறாவும் அப்படித்தான். இரண்டும் இந்தத் தீவில் வடக்கையும் வறண்ட கரையோரங்களையும் சார்ந்தவை.

வெப்பமண்டலத்தில் எத்தனை வகைப் பூச்சிகள் உண்டு என்பதற்கு இன்றும் உறுதியான விடை கிடையாது. டெரி எர்வின் என்ற அமெரிக்க ஆய்வாளர் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் புகையடித்து, விழுந்ததைச் சேகரித்தார். வண்டுகளில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட வகைகள். அதை வைத்து 1982இல், வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி போன்றவை 3 கோடி வகைகள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். அந்த எண் கூடுதல் என்று பின்னர் வந்தவர்கள் குறைத்தார்கள்.

பூச்சிகள் குறைந்து வருகின்றனவா என்பது இன்னும் கடினமான கேள்வி. கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவின் மழைக்காட்டில் 1970களில் பூச்சிகளை நிறுத்துப் பார்த்த ஒருவர், 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது மிகப் பெரிய சரிவைக் கண்டார். 2018இல் அது வெளியானது. அதே காட்டின் வேறு தரவுகளை வைத்து அப்படி இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இடையில் ஆண்டுதோறும் அதே முறையில் எண்ணியிருந்தால் இந்த வாதத்துக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது. ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற ஊரின் பூச்சியியல் சங்கம் பல ஆண்டுகளாக ஒரே முறையில் பூச்சி சேகரித்து வந்தது. தொழில்முறை ஆய்வாளர் அல்லாத பலரும் அதில் இருந்தார்கள். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 75 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதை 2017இல் உலகம் அவர்களுடைய சேகரிப்பிலிருந்துதான் அறிந்தது.

நம்மிடம் நீர்ப்பறவைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. முருங்கைப் பூவுக்கு வரும் கருவண்டுக்கு அப்படி ஒன்று இல்லை. உள்ளூரில் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நுளம்பே சாட்சி. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று நம்பியிருந்தோம். குடாநாட்டு உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வு 2011இல் காட்டியது.

ஆகவே உங்களிடம், முக்கியமாகப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஒரு வேண்டுகோள். வளவில் பூத்திருக்கும் ஒரு மரத்தையோ பாத்தியையோ தெரிவு செய்யுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், கால் மணித்தியாலம் நின்று என்னென்ன வருகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் பருமனையும் எழுதினால் போதும். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுத்து, உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் போடுங்கள். பறவைக்கு ஈபேர்ட் என்ற தளம் இருக்கிறது. ஒன்றுமே வராத நாளில் ‘ஒன்றும் வரவில்லை’ என்று எழுத மறக்க வேண்டாம், ஆய்வுக்கு அதுவும் தரவு. தோட்டக்காரர்களே, மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பூவில் தேனீ நிற்கும் காலை நேரத்தை விட்டுப் பின்னேரம் அடியுங்கள். எந்த மருந்து, எந்தத் திகதி என்பதையும் அதே கொப்பியில் குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.