ஆற்றோடு மல்லுக்கட்டிய ஊர்கள்

வணக்கம் நேயர்களே. சுமேரியா என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரிதான் பலருக்கும் ஞாபகம் வரும்: இரண்டு ஆறுகள், நடுவில் செழிப்பான நிலம், அதனால் நாகரிகம். அந்த வரியைக் கேட்டாலே எனக்கு மனசு ஆறாது. அந்த மக்கள் பட்ட பாடு அதில் எங்கே இருக்கிறது?

சுமேரியா இருந்த தெற்கு ஈராக்கில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது. சரி, ஆற்றை நம்பலாம் என்றால், டைக்ரிஸும் யூப்ரடீஸும் பெருகுவது வடக்கே மலைகளில் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில். பார்லி விதைப்பதோ குளிருக்கு முன்னால். பயிர் தண்ணீர் கேட்கும்போது ஆறு இறங்கிக் கிடக்கும், கதிர் முற்றி அரிவாளை எடுக்கும் நேரத்தில் கரையை உடைத்துக்கொண்டு வரும். நைல் நதி எகிப்தியரை இப்படிப் படுத்தவில்லை, அது விதைப்புக்கு முன்பே பெருகி வடிந்துவிடும்.

ஒரே ஒரு வசதி இருந்தது. வண்டல் படிந்து படிந்து ஆற்றுப்படுகை சுற்றியுள்ள வயல்களைவிட உயர்ந்து நின்றதால், கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாகவே பள்ளத்துக்கு ஓடும். ஆனால் அதே வண்டல் வாய்க்காலையும் அடைத்துவிடும், திரும்பத் திரும்பத் தூர் வார வேண்டும், வெள்ளத்துக்குக் கரை கட்ட வேண்டும். ஆள் எத்தனை, கூலியாக எவ்வளவு பார்லி, இதற்கெல்லாம் கணக்கு வேண்டாமா? உருக் நகரில் சுமார் கி.மு. 3200-ஐச் சேர்ந்த களிமண் பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, ஆட்களுக்குக் கொடுத்த படி பற்றிய கணக்குகள்தான்.

அப்புறம் சண்டை. லகாஷ், உம்மா என்ற இரண்டு சுமேரிய நகரங்கள் குஎதென்னா என்ற வயல்வெளிக்காகத் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டன. உம்மாக்காரர்கள் எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்று லகாஷ் மன்னன் என்மெதேனா எழுத்துப் பொறித்துவைத்த களிமண் கூம்பு குற்றம் சாட்டுகிறது. உம்மாவின் நியாயத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் கதை முழுமையாகும் என்று எனக்குத் தோன்றும். என்மெதேனாவின் பெரியப்பா எயன்னாதும் என்ற மன்னன் உம்மாவை வென்றதைச் செதுக்கிய கல் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் கழுகுகள் செத்தவர்களின் தலைகளைத் தூக்கிப் பறக்கின்றன. ஒரு வாய்க்கால் தண்ணீருக்காக இவ்வளவும்!

மனிதர்களோடு போட்ட சண்டையைவிட உப்போடு போட்டதுதான் நீண்டது. பாய்ச்சிய தண்ணீர் வடிய வழியில்லாமல் நிலத்தடி நீர் மேலே ஏறும், வெயிலில் அது ஆவியாகும், உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். கோதுமை அதைத் தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். காலப்போக்கில் கோதுமை குறைந்து பார்லி மட்டுமே மிஞ்சியதற்கு உப்புதான் காரணம் என்று 1958-இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள், அதை மறுத்தவர்களும் உண்டு. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டு அந்த விவசாயிகள் சமாளித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே பகுதியில்தான் நாணல் வீடுகள் நிற்கும் சதுப்புநிலங்கள் இருக்கின்றன. 1990-களில் சதாம் அரசு அணை போட்டு அவற்றை வற்ற வைத்தது. 2003-இல் அந்த ஆட்சி விழுந்ததும் ஊர்க்காரர்களே போய்க் கரைகளை உடைத்தார்கள், தண்ணீர் திரும்பி வந்தது.