ஒன்பது சிப்பா, முப்பத்தேழு சிப்பா?

நேயர்களுக்கு வணக்கம். காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டது. ஆனாலும் பெங்களூரில் அல்சூரிலும் மாரத்தஹள்ளியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஆட்கள் ஃபோனில் இலவச சிப்புக்கு, அதாவது பொய்க் காசுக்கு, போக்கர் ஆடுவதை விட்டுவிடவில்லை. இன்றைய கணக்கு அவர்களுக்கானது, ரூபாய்க்கு அல்ல. ஒன்று மட்டும்: சும்மா வந்த சிப் என்பதால் அங்கே ஆட்கள் கொஞ்சம் தாராளமாகவே இறங்குவார்கள்.

பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிளைண்டு, அதாவது சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சிப், 1, 2. நீங்கள் பட்டனில், அதாவது பிளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடத்தில் இருந்து, 6 போடுகிறீர்கள். பிக் பிளைண்டில், அதாவது அந்த 2 போட்ட இடத்தில், இருப்பவரிடம் மொத்தமே 50 சிப். அவர் கால் செய்கிறார், அதாவது சமமாகப் போடுகிறார்; 1 போட்டவர் விட்டுவிட, நடுவில் சேர்ந்த பாட் 13. பிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ராஜா ஸ்பேடு, எட்டு ஆர்ட்டின், அஞ்சு ஆர்ட்டின். அவர் செக், அதாவது ஒன்றும் போடவில்லை; நீங்கள் 7. உடனே அவர் 16 என்று ஏற்றுகிறார்.

பார்க்க அற்பமாக இருக்கும். இன்னும் 9 போட்டால் போதும், பாட்டில் 36 கிடக்கிறது. ஐந்தில் ஒரு தடவை ஜெயித்தாலே கட்டுப்படியாகும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 9 போட்டதும் பாட் 45 ஆகிவிடும், அவர் கையில் மிச்சம் 28. அடுத்த சீட்டில், அதாவது டர்னில், அந்த 28-ஐயும் தள்ளிவிடுவார். ஆகவே இப்போது யோசிக்க வேண்டியது 9-ஐப் பற்றி அல்ல, 37-ஐப் பற்றி.

நீங்களே ஆல்-இன், அதாவது மொத்தத்தையும், தள்ளினால் 37 போட்டு 101 சிப் பாட்டுக்கு ஆடுகிறீர்கள். அவர் கட்டாயம் கால் செய்வார் என்று வைத்தாலும் 37 சதவீத வாய்ப்பு போதும். அவரும் விடமாட்டார், அவருக்கு 28 சதவீதம் இருந்தாலே கால் சரி. அதனால் வெறுங்கையோடு மிரட்டிப் பார்ப்பது வீண்.

உங்கள் கையிலுள்ள இரண்டு சீட்டு ஏஸ்-ராஜா, ராஜா-ராணி என்றால் தயங்காமல் தள்ளுங்கள். ஏஸ் ஆர்ட்டினோடு இன்னொரு ஆர்ட்டின் இருந்தாலும் அப்படியே, ஐந்து ஆர்ட்டின் சேர்ந்தால் ஃப்ளஷ்: உங்களுக்கு உதவுபவை ஒன்பது ஆர்ட்டின், மூன்று ஏஸ், ஆக பன்னிரண்டு சீட்டு. அவரிடம் ஒற்றை ராஜா ஜோடி என்றால் கடைசிச் சீட்டான ரிவர் வரை உங்களுக்கு 45 சதவீதம் பக்கம் வரும். ஜாக்கி-பத்து ஆர்ட்டின் வேறு கதை. அதற்கு 35 சதவீதம்தான். தள்ளாமல் 9 மட்டும் போடுங்கள். டர்னில் ஆர்ட்டின் விழாமல் அவர் 28 தள்ளினால் விட்டுவிடுங்கள். அப்போது தேவை 28 சதவீதம், உங்களிடம் இருப்பது 20-க்கும் குறைவு.

குழப்பம் ஏஸ்-எட்டு மாதிரி நடு ஜோடியில்தான். ஆளைப் பாருங்கள். 200 சிப்போடு உட்கார்ந்து தோற்றுத் தோற்று 50-க்கு வந்தவர் ஆத்திரத்தில் அஞ்சு ஜோடிக்கும், வராத ஃப்ளஷ்ஷுக்கும் ஏற்றுவார், அவரிடம் ஆல்-இன். ஆரம்பத்திலிருந்தே 50 சிப்போடு, பத்துக் கைக்கு ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருப்பவர் ஏற்றினால் ராஜாவோ அதற்கு மேலோதான் இருக்கும், ஃபோல்டு, அதாவது விட்டுவிடுங்கள். "ஒரு சீட்டு பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்பது இரண்டு பேரிடமும் நஷ்டம். 9-ஐக் கொடுத்துவிட்டு டர்னில் எப்படியும் விடப்போகிறீர்கள்.

25-க்கு மறுபடி ஏற்றுவது என்று இன்னொரு பழக்கம் உண்டு. அதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவர் கால் செய்தால் அதற்கப்புறம் அவரிடம் மிஞ்சுவது 19, பாட்டிலோ 63. அந்த 19-க்கு யாரும் விடப்போவதில்லை, நீங்களும்தான்.

இதெல்லாம் ஏற்றிய பிறகு செய்யும் வைத்தியம். பந்தயம் வைக்கும் முன்பே அவர் பெயருக்குக் கீழே இருக்கும் சிப் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டால் பாதி சிக்கல் வராது. 7-க்குப் பதில் 4 வையுங்கள். அவர் 8 ஆக ஏற்றினாலும் உங்கள் செலவு இன்னும் 4 சிப்தான். ஏஸ்-ராணி போல ஒன்றும் சேராத கை என்றால், இந்த மாதிரி ஆளிடம் பிளாப்பில் பந்தயமே வேண்டாம். செக் செய்துவிட்டு டர்னை இலவசமாகப் பாருங்கள்.