வார்டு இன்சார்ஜ் எப்படி என்று கேட்டீர்களா?

நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து இன்னும் தூங்கவில்லை, கண்ணெல்லாம் எரிகிறது. புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேரும் தங்கச்சிகள் என்னிடம் எப்போதும் கேட்பது அந்த ஆஸ்பத்திரியில் சம்பளம் எவ்வளவு என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் வார்டு இன்சார்ஜ், அதாவது அந்த வார்டு நர்சுகளுக்கு மேலே இருக்கும் மூத்த நர்ஸ், எப்படி என்று ஒருத்தியும் கேட்பதில்லை.

நான் முதலில் சேர்ந்த ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே இன்சார்ஜ் மேடம் சின்னத் தப்புக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே கத்துவார், அப்புறம் மெமோ. அதனால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? 10 மணி ஊசியை 11 மணிக்குப் போட்டாலும் சார்ட்டில் 10 என்றுதான் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் எங்கள் வார்டில் தப்பே கிடையாது!

ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தபோது எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வந்தது. 2 ஆஸ்பத்திரிகளின் வார்டுகளில், ஒற்றுமையாக வேலை பார்க்கும் இடத்தில் மருந்துத் தப்பு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் கணக்கெடுத்தார், கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல இன்சார்ஜ் இருந்த வார்டுகளில்தான் தப்பு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே நர்சுகள் பயமில்லாமல் வாயைத் திறந்து சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மூடி மறைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் இடத்தில் ஒருமுறை ஒரே பெயரில் 2 அம்மாக்கள், பக்கத்துப் பக்கத்துப் பெட், மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். கை நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னேன். மேடம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக அந்த அம்மாவிடம் போய் பிபி பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், அப்புறம் ஒருவரை வேறு பெட்டுக்கு மாற்றிவிட்டு 2 கேஸ் ஷீட்டிலும் பெயரைச் சிவப்பு மையில் எழுதினார். திட்டு மறுநாள் கிடைத்தது, தனி அறையில். நடந்த தப்பைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் எழுத வைத்தார், விடவில்லை. நல்ல இன்சார்ஜ் என்றால் கேட்டபோதெல்லாம் லீவு தருகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், டூட்டி லிஸ்ட் விஷயத்தில் இவர் கறார்.

அதற்காக இன்சார்ஜ் தங்கமாக இருந்தால் போதும் என்றும் சொல்லமாட்டேன். ஆள் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து 2002-ல் வந்த ஆய்வில், ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினாலே வேலை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுகிறது, மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம். ஆளே தராமல் "டீமை மோட்டிவேட் பண்ணுங்கள்" என்று இன்சார்ஜுக்கு ட்ரெய்னிங் மட்டும் நடத்தும் நிர்வாகத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

போன வாரம் 2 பேர் வரவில்லை. மேடமே ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து 5 பெட்டை எடுத்துக்கொண்டார், மதியச் சாப்பாடு 4 மணிக்கு. அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை.

சரி, படுக்கிறேன், ராத்திரி மறுபடியும் டூட்டி.