மைனஸ் 162 டிகிரி சரக்கு, தொட்டியில் குளிரூட்டும் மெஷின் கிடையாது! கேஸ் கப்பலின் ரகசியம்

அரபிக்கடல் வெயிலில் ஒரு கப்பல் வருகிறது. உள்ளே மைனஸ் 162 டிகிரியில் திரவம். தொட்டியைக் குளிர வைக்க எந்த மெஷினும் இல்லை. ஆனாலும் கொச்சி வரை குளிர் குறைவதில்லை. எப்படி?

வணக்கம் மக்களே! பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் இருக்கும் நம்ம ஆட்கள் கடைசி வரை பாருங்கள், உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். திரவமாக்கினால் 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். வீட்டு சிலிண்டர் மாதிரி அழுத்தி அடைக்க முடியாது. மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாமல் எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. 1959-ல் ‘மீத்தேன் பயனியர்’ கப்பல் இப்படித்தான் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு முதல் சரக்கைக் கொண்டுபோனது.

[திரையில்: மண்பானை]

இப்போது ரகசியம். பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது இல்லையா? கப்பலிலும் அதேதான்! தொட்டியைச் சுற்றிச் சூடு புகாதபடி எவ்வளவு கனமாகக் காப்பு உறை போட்டாலும் கொஞ்சம் சூடு உள்ளே நுழையும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் திரவம் ஆவியாகிவிடும். மீதி அதே குளிரில் கிடக்கும். நாளுக்குச் சரக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிப் போகும். வீணா? இல்லவே இல்லை. பல கப்பல்களில் அந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்பி, அதை எரித்தே கப்பலை ஓட்டுகிறார்கள். சரக்கை இறக்கிய பிறகும் அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள், திரும்பிப் போகும்போது தொட்டி சூடேறக்கூடாது என்பதற்காக. எத்தனை அழகான யோசனை!

இன்னொன்று. சில கப்பல்களில் திரவத்தைத் தொடும் உள்தகடு வெறும் 0.7 மில்லிமீட்டர். இன்வார் என்ற நிக்கல்-இரும்புக் கலவை. அத்தனை குளிரிலும் மிக மிகக் கொஞ்சம்தான் சுருங்கும். அதைக் கண்டுபிடித்த கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

சரி, நம்ம ஊர். கொச்சி புதுவைப்பில், கப்பலிலிருந்து இந்தத் திரவ எரிவாயுவை இறக்கும் பெட்ரோநெட் நிறுவனத்தின் முனையம் 2013-லேயே தயார். ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். ஆனால் மங்களூருக்குப் போகும் 450 கிலோமீட்டர் குழாயைத் திறந்தது 2021 ஜனவரியில்! அதுவரை முனையத்தின் பெரும்பகுதி சும்மா கிடந்தது. என்னைக் கேட்டால், கடல் தாண்டுவதை விட நிலம் தாண்டுவதுதான் பெரும்பாடு.

அந்தக் குழாயின் ஒரு கிளை கூற்றநாட்டில் பிரிந்து வாளையார் பக்கம் வருகிறது. தோட்டத்தில் ஜேசிபி இறக்கும் முன், பக்கத்தில் கேஸ் குழாய் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.