அகழிக் கரையில் ஒரு பெஞ்ச்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டில் பூங்கா எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லோரும் கையை வடக்கே நீட்டுவார்கள். மலம்புழா அணைத் தோட்டம்! நானும் டீச்சர் வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் கை நீட்டினேன். ரிட்டயர் ஆகி, முழங்கால் வலிக்கு டாக்டர் "தினம் நடங்க" என்றபோதுதான் யோசனை வந்தது. தினம் காலையில் பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, நடந்துவிட்டுத் திரும்பி வந்து எப்போது சோறு வடிப்பது?

மலம்புழாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த டேமுக்குக் கல் சுமந்தவர் என் அப்பா. 1949இல் வேலை தொடங்கியபோது எங்கள் மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1955 அக்டோபரில் அணையைத் திறந்துவைத்தவர் காமராஜர். அடுத்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கேரளம் உருவானது. நாங்கள் இருந்த வீட்டிலேயே இருந்தோம், ராஜ்யம்தான் மாறிவிட்டது.

இரண்டு கிலோமீட்டர் நீளம் அந்த அணை. பின்னால் ஏரி மாதிரி தண்ணீர், அதற்குப் பின்னால் மலை, முன்னால் தோட்டம். தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்த யட்சி சிலை, முப்பதடி உயரம். உடம்பில் ஒட்டுத்துணி கிடையாது. காலை அகல நீட்டி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் பெரிய சண்டையே நடந்தது. முதல் தடவை எங்களைக் கூட்டிப்போன அன்று அம்மா சட்டென்று முந்தானையால் என் கண்ணை மூடினாள். அதுவோ நைந்துபோன வாயல் புடவை. எல்லாம் தெரிந்தது.

பிறகு ரோப்வே வந்தது, உடைந்த ஓடுகளையும் வளையல் துண்டுகளையும் வைத்து சண்டிகர் சிற்பி நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வண்டிகள்தான். சம்பந்தி வீட்டார் வந்தால் நாங்களும் போவோம், வருஷத்துக்கு ஒரு தரம். விருந்தாளிக்கு எடுத்துவைத்த வெள்ளித் தட்டு மாதிரி அது. அன்றாடம் சாப்பிட வேறு தட்டு வேண்டுமே.

எங்களுக்கு அந்தத் தட்டு கோட்டைதான். 1766இல் ஹைதர் அலி கட்டியது. நாலு பக்கமும் அகழி. விடிகிற நேரம் வந்து பாருங்கள், மஃப்ளர் கட்டியவர், செருப்பில்லாமல் நடக்கிறவர், மருமகளைப் பற்றிப் பேச மட்டுமே வருகிறவர் என்று ஒரு கூட்டமே சுற்றிக்கொண்டிருக்கும். மலையாளத்தில் தொடங்கிய பேச்சு ஒரு சுற்று முடிவதற்குள் தமிழில் வந்து நிற்கும். ஒரு பெரியவர் சட்டையின் இடது பையில் ஐந்து புளியங்கொட்டை போட்டுக்கொண்டு வருவார். சுற்றுக்கு ஒன்றாக வலது பைக்கு மாற்றுவார். ஒருநாள் நாலிலேயே வீட்டுக்குக் கிளம்பினார். "என்ன சார், ஒன்று பாக்கி இருக்கே?" என்றேன். "பையில் ஓட்டை டீச்சரே" என்றார்.

கார்த்திகையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். மலையாளத்தில் அதற்கு விருச்சிகக் காற்று என்று பேர். அகழிக் கரையில் அந்தக் காற்று முகத்தில் படவே சிலர் வருகிறார்கள். பங்குனி, சித்திரை வேறு கதை. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுவிடும். அப்போது ஊருக்குத் தேவை நிழல், அதுவும் மத்தியானத்து நிழல்.

இங்கேதான் என் வழக்கு. ஊருக்குள் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, பேர் வேண்டாம். நல்ல மரங்கள், சிமெண்ட் பெஞ்சுகள். பதினொரு மணிக்குப் பூட்டினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். போன சித்திரையில் ஒரு துணிக்கடைப் பெண் அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் மூடி மதில்மேல், மூடியில் ஒரு நார்த்தங்காய்த் துண்டு. கடையில் நாளெல்லாம் நிற்கிறவள், சோற்றையும் நின்றுகொண்டே தின்கிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் எல்லாம் காலி.

வாட்ச்மேனைக் கேட்டேன். "எனக்கு வந்த உத்தரவு அப்படி டீச்சரே." திறந்திருக்கும் நேரத்திலும் பெண்கள் கழிப்பறைச் சாவி அவர் இடுப்பில்தான். கேட்டால் தருவாராம். எந்தப் பெண் போய்க் கேட்பாள்? நான் அறுபது தாண்டியவள், எனக்கே கூச்சமாக இருந்தது. ஆண்களுக்குச் சாவி தேவைப்படவில்லை, மதில் இருக்கிறது.

மத்தியானம் திறந்து வையுங்கள், கழிப்பறையில் தண்ணீர் வையுங்கள், செயற்கை நீரூற்று அப்புறம் பார்க்கலாம் என்று தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக மனு எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறதாம். என் மகன், "அம்மா, ரோப்வே கேட்டிருந்தால் உடனே கிடைச்சிருக்கும்" என்கிறான்.

மலம்புழா பார்க்க வருகிற நேயர்கள் காலையிலேயே வந்துவிட்டால் கோட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போங்கள். அகழிக் கரையில் ஒரு காலுக்குக் கல் முட்டுக் கொடுத்த பெஞ்ச் ஒன்று இருக்கும். தாராளமாக உட்காருங்கள். கல் இருக்கும் ஓரத்தில் மட்டும் வேண்டாம், கவிழும்.

வணக்கம்.