கரும்பின் கணுவில் வறட்சியைப் படிப்பது எப்படி?

[மேசைமேல் ஒரு முழுக் கரும்பு. பக்கத்தில் அடிமட்டம், கத்தி, ஆவி பறக்கும் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) ஒரு கோப்பை.]

வணக்கம். பொங்கலுக்கு அப்புத்தளை டவுனில் வாங்கிய கரும்புகளில் ஒன்றை மட்டும் யாரையும் தொடவிடாமல் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், அதற்காக வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் என்மேல் கோபம்தான். ஒளித்ததற்குக் காரணம் இதோ, இந்த இடம். அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கணுவெல்லாம் நல்ல இடைவெளி, அளந்தால் 12, 13 சென்றிமீற்றர். ஒன்பதாவதில் 7 ஆகிவிடுகிறது. பத்திலிருந்து பதினாலு வரைக்கும் யாரோ உச்சியில் கையை வைத்து அமுக்கிவிட்ட மாதிரி நாலு நாலு சென்றிமீற்றரில் நெருங்கிக்கொண்டு நிற்கின்றன. அதற்கு மேலே பழையபடி நீளம்.

கடைக்காரரிடம் "எங்கண்ணே இந்தக் கரும்பு?" என்று கேட்டேன். "கீழ, வெல்லவாய பக்கம் தம்பி" என்றார். அது போதும். இந்தக் கரும்பு தண்ணீருக்குத் தவித்த நாட்கள் அந்த ஐந்து கணுவுக்குள் இருக்கின்றன.

[காட்சி: அப்புத்தளை விளிம்பிலிருந்து தெற்கே, வெயிலில் மங்கித் தெரியும் சமவெளி.]

நான் நிற்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. இங்கே தேயிலை. பேரகலையில் திரும்பி, கொஸ்லந்தை தாண்டி, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் வெல்லவாய, அப்புறம் புத்தல, பெல்வத்தை. இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிவரும், தேயிலை போய்க் கரும்பு வரும். பெல்வத்தைக் கரும்பு பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். இன்னொரு கரும்பு ஊரான செவனகலயில் ஒரு பகுதிக்கு வாய்க்கால் தண்ணீர் உண்டு. கரும்புக்கு ஒரு பருவம் முழுவதற்கும் 1,500 முதல் 2,500 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும், அதுவும் பரவலாக வரவேண்டும். ஆனால் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹட்டன், நோர்வூட் பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் சூடாக இறங்குகிறது. கச்சான் காற்று என்போமே, அதுதான். மேலே எங்கள் தகரக் கூரைகளைக் கிளப்பிவிட்டுப் போகும் காற்று கீழே கரும்பைக் காயவைக்கிறது.

சரி, காய்கிறபோது கரும்புக்குள் என்ன நடக்கிறது?

பலர் நினைப்பது, தண்ணீர் குறைந்ததும் இலை உணவு செய்வதை நிறுத்திவிடும், அதனால் வளராது என்று. நடப்பது வேறு வரிசை. முதலில் நிற்பது வளர்ச்சிதான். செடி நீளுவதென்றால் புதுக் கலங்கள் (செல்கள்) பிறந்தால் மட்டும் போதாது, பிறந்த கலம் தண்ணீரைக் குடித்து உள்ளிருந்து சுவரைத் தள்ளி விரிய வேண்டும். சைக்கிள் டியூபுக்குக் காற்று எப்படியோ அப்படி இதற்குத் தண்ணீர். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே விரிவது நின்றுவிடும். இலையின் சமையல் அப்போதும் ஓரளவுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த நாட்களிலும் கரும்பு கணு போடுவதை அடியோடு நிறுத்துவதில்லை, மெதுவாகப் போட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே இருக்கும் பகுதி நீளாமல் அப்படியே முற்றிவிடும். முற்றியது முற்றியதுதான், பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த 4 சென்றிமீற்றர் 5 ஆகாது. அதனால்தான் ஆறு மாதம் கழித்துப் பொங்கல் கடையில் நின்றுகொண்டு அதைப் படிக்க முடிகிறது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் அம்மா வைத்திருக்கும் ஒரு தூர் கரும்பில் அடி முதல் நுனி வரைக்கும் கணு நெருக்கம்தான். அது வறட்சி இல்லை, குளிர். வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனால் கரும்பு சோம்பிவிடும். நடுவில் மட்டும் நெருங்கி மேலும் கீழும் நீண்டிருந்தால்தான் சந்தேகத்தை வறட்சிமேல் வைக்கலாம்.

[காட்சி: நண்பகல், குழலாகச் சுருண்ட கரும்புத் தோகை. நெருக்கமாக.]

இரண்டாவதாகக் கண்ணுக்குத் தெரிவது தோகை சுருளுவது. இலையின் மேல்தோலில் வரிசையாகப் பெரிய பெரிய கலங்கள் இருக்கின்றன, தண்ணீர் சேமிக்கும் பைகள் மாதிரி. மற்றவற்றைவிட இவை சீக்கிரம் வற்றும், வற்றினால் மேற்பக்கம் சுருங்கி இலை உள்நோக்கி மடியும். வெயில் படும் பரப்பு குறைகிறது, காற்று நேராக அடிப்பதும் குறைகிறது. வெயிலில் நிற்கும்போது நாம் கண்ணை இடுக்கிக்கொள்கிறோமே, அந்த மாதிரி. மத்தியானத்தில் தோகை சுருண்டிருந்தால் பதறத் தேவையில்லை, சாயந்திரம் விரிந்துவிடும். விடிகாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க வேர் இழுத்தும் விடியும்போது தோகை விரியவில்லை என்றால் மண்ணில் இழுக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

இதற்குள் வேர் இன்னொரு வேலை பார்த்திருக்கும். காய்கிற மண்ணில் இருக்கும் வேர் அப்சிசிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்கி மேலே அனுப்புகிறது, இலையும் அதைச் செய்கிறது. அது இலைவாய்க்கு, அதாவது இலையில் காற்று போய்வரும் நுண்ணிய துளைக்கு, போய்ச் சேர்ந்ததும் அதன் இருபுறமும் நிற்கும் காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும், கலங்கள் தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்த அவரைவிதை மாதிரியான படம் ஞாபகம் இருக்கும். வாயை மூடினால் தண்ணீர் வெளியே போகாது, நல்லது, ஆனால் காபனீரொட்சைட்டும் உள்ளே வராது.

தேயிலைக்கும் கரும்புக்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான். தேயிலை, நெல் எல்லாம் சி-3 செடிகள், காபனீரொட்சைட்டைப் பிடித்ததும் முதலில் மூன்று காபன் கொண்ட பொருளாக்குபவை. இலைக்குள் காபனீரொட்சைட்டு குறைந்தால் அதைப் பிடிக்கும் நொதியம் தடுமாறி ஒட்சிசனைப் பிடிக்க ஆரம்பித்துவிடும், செய்த உணவிலேயே ஒரு பங்கு வீணாகும். கரும்பு சி-4. முதலில் வேறொரு நொதியம் காபனீரொட்சைட்டைப் பிடித்து நாலு காபன் கொண்ட அமிலமாக்கி, உள்ளே நரம்பைச் சுற்றி இருக்கும் கலங்களுக்குக் கொண்டுபோய் அங்கே மொத்தமாக அவிழ்த்துவிடுகிறது. அதனால் வாயைப் பாதி மூடிக்கொண்டே சமைக்க முடியும். ஒரு கிலோ உலர்ந்த பயிரை உண்டாக்க சி-4 செடி செலவழிக்கும் தண்ணீர், சி-3 செடி செலவழிப்பதில் ஏறக்குறைய பாதிதான். உலகம் இந்த வித்தையைப் பரவலாகத் தெரிந்துகொண்டதே கரும்பிலிருந்துதான். 1965இல் ஹவாயில் கோர்ட்சாக் குழுவினர் கரும்பு இலையில் இதைக் காட்டினார்கள், அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் ஹட்ச், ஸ்லாக் இருவரும் பாதையை விளக்கினார்கள்.

"அப்படியென்றால் கரும்பு வறட்சியைத் தாங்கும் பயிர்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. சிக்கனமாகச் செலவழிப்பவன், ஆனால் குடும்பம் பெரிசு. உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர், ஆளுயரத்தைவிட இரண்டு மடங்கு வளரவேண்டும். வறட்சி நீண்டால் சி-4 இருந்தும் தப்பமுடியாது.

நீண்டால் என்ன? வாய் மூடியாயிற்று, ஆனால் வெயில் மூடவில்லை. பச்சையம் வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வாங்கிய சக்தியைச் செலவழிக்க வழியில்லை, அது ஒட்சிசன்மேல் பாய்ந்து ஐதரசன் பரவொட்சைட்டு மாதிரியான கடுமையான பொருட்களாகிக் கலத்தின் சவ்வுகளை அரிக்கிறது. அதை அடக்குவதற்கென்றே கரும்பிடம் சில நொதியங்கள் இருக்கின்றன, புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்கிறது. வறட்சியைத் தாங்கும் கரும்பு வர்க்கத்துக்கும் (இனத்துக்கும்) தாங்காத வர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தத் தீயணைப்பு வேலையில்தான் இருக்கிறது. அதுவும் முடியாமல் போனால் செடி கணக்குப் பார்க்கும். அடித்தோகையை முதலில் கைவிடும், அதிலிருக்கும் நைதரசனை மேல் இலைகளுக்கு இழுத்துக்கொண்ட பிறகு. பிந்திப் பிறந்த தூர்களை, அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளை, சாகவிடும். தண்டுக்குள் நெட்டி விழும், நடுப்பகுதி பஞ்சுபோலக் காய்ந்துவிடும். இளம்பயிராக இருந்தால் குருத்துப் புழுவும் அந்த நேரம் பார்த்து வரும், காய்ந்த சூடு அதற்குப் பிடித்த காலநிலை.

எந்த வயதில் தண்ணீர் குறைகிறது என்பது எவ்வளவு குறைகிறது என்பதைவிட முக்கியம். தூர் கட்டும் காலத்திலும், மளமளவென்று நீளும் காலத்திலும், அதாவது நட்டு இரண்டாவது மாதத்திலிருந்து ஒன்பதாவது மாதம் வரைக்கும், வறட்சி விழுந்தால் நட்டம்தான். ஆனால் வெட்டுவதற்கு முந்திய சில வாரங்கள்? அப்போது விவசாயியே வாய்க்காலை அடைத்துவிடுகிறார்!

[கமரா பிளேன்டிக் கோப்பைமேல் நிற்கிறது.]

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வளர்ச்சி முதலில் நிற்கும், சமையல் பிறகுதான் நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? நடுவில் ஒரு சின்ன இடைவேளை இருக்கிறது. அந்த நாட்களில் இலை செய்யும் வெல்லத்தை நீளுவதற்குச் செலவழிக்க முடியாது, அதனால் அது சுக்குரோசாகத் தண்டில் போய்த் தங்கும். அடிக்கரும்பில் ஏற்கனவே நிறைந்திருக்கும், இப்போது நுனிப்பக்கத்துக் கணுக்களிலும் ஏறும். அளவாகக் காயவைத்த கரும்பு அதனால்தான் ஆலைக்கு அதிகச் சீனி தருகிறது. வெட்டும் நேரத்தில் தப்பித் தவறி ஒரு பெருமழை பெய்தால் கதை தலைகீழ். கரும்பு மறுபடி வளரப் புறப்பட்டு, சேர்த்ததை எடுத்துச் செலவழிக்கும், புதுத் தூர்கள் வேறு முளைக்கும்.

இதையேதான் மேலே எங்கள் தேயிலையிலும் அதே கச்சான் செய்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தருவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் பறிக்கும் கொழுந்து. கொழுந்து குறைவு, கூடை நிறையாது, எடைக்கு நிற்கும் பெண்களுக்கு அந்த மாதங்கள் கையைக் கடிக்கும் மாதங்கள். ஆனால் காய்ந்த காற்றில் தவித்த அந்தக் கொழுந்தில்தான் தைலம் மாதிரியான அந்த வாசனை ஏறுகிறது. இந்தக் கோப்பையில் இருப்பது மேலே தவித்த இலை, கீழே தவித்த தண்டு, இரண்டும். சரி, நம் நாட்டுச் சீனியாக இருந்தால். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி கப்பலில் வந்ததுதான்.

வர்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு வயலில் இருக்கும் கரும்பெல்லாம் கலப்பு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இனிக்கும் கரும்பை, ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் மாதிரியான காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை, ஆனால் வேரும் வைராக்கியமும் உண்டு. அப்படிப் பிறந்த கோ 205 என்ற வர்க்கம் 1918இல் வெளிவந்தது. அந்த வரிசையில் பிந்தி வந்த கோ 775 இலங்கையில் நீண்ட காலம் பரவலாக நின்றது. எங்கள் பாட்டன்மார் வந்த கரையிலிருந்தே கரும்பும் வந்திருக்கிறது, அதற்கு யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை. இப்போது உடவளவையில் இருக்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையம் எஸ்எல் என்று தொடங்கும் உள்ளூர் வர்க்கங்களைத் தருகிறது.

வயலில் செய்யக்கூடியதில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது சோகையை, அதாவது காய்ந்த தோகையை, கொளுத்தாமல் வரிசைக்கு நடுவே பரப்பிவிடுவது. மண்ணின்மேல் வெயில் நேராகப் படாது, ஈரம் தங்கும், செலவு என்று பார்த்தால் கைவேலைதான். ஆழமான சாலில் நடுவது, விதைக்கரணையை, அதாவது நடும் கரும்புத் துண்டை, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பது, தவிக்கும் நேரத்தில் பொட்டாஷும் யூரியாவும் 2.5 சதவீதம் கரைத்துத் தோகையில் தெளிப்பது, இவையும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் சொல்லப்படும் முறைகள். பொட்டாஷ், அதாவது பொற்றாசிய உரம், எதற்கு என்று கேட்டால், இலைவாய்க் கதையைத் திரும்பப் பாருங்கள்.

[கமரா மறுபடி கரும்புக்கு. விரல் ஒவ்வொரு கணுவாக மேலே போகிறது.]

சரி, இதை இனியும் ஒளித்து வைக்க முடியாது, பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை. பத்து. பதினொன்று. பன்னிரண்டு, இதுதான் மிகவும் குறுகல், 3.5. பதின்மூன்று. பதினாலு, இன்னும் இறுக்கம்தான். பதினைந்தைப் பாருங்கள், 11 சென்றிமீற்றர். இந்த இடத்தில் வெல்லவாயவில் மழை பெய்திருக்கிறது.